இரண்டு நோட்டு, ஒரே ஆள்: உடல்நோயும் மனநோயும் சேர்ந்திருப்பவரைப் பார்த்துக்கொள்ளச் செவிலியருக்கு ஒரு முழு வழிகாட்டி

மஞ்சப்பையிலிருந்து அந்த அம்மா முதலில் எடுத்தது சுகர் நோட்டு. பச்சை அட்டை, ஓரமெல்லாம் மடங்கி எண்ணெய்க் கறை படிந்திருந்தது. சுகர், பிபி, மாத்திரை எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தது. "வேற எங்கேயாவது காட்டுறீங்களாம்மா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையின் அடியில் துண்டில் சுற்றி வைத்திருந்த இன்னொரு நோட்டை எடுத்தார். "இது வேற சிஸ்டர். இது மனசுக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

சம்பந்தம் இருந்தது. முதல் நோட்டில் பிபிக்காக எனலாப்ரிலும் ஹைட்ரோகுளோரோதயசைடும் எழுதி, 'உப்பைக் குறைக்கவும்' என்று அடிக்கோடு போட்டிருந்தார்கள். இரண்டாவது நோட்டில் பல வருடமாக லித்தியம், மனநிலை ஏறி இறங்காமல் பிடித்துவைக்கும் மாத்திரை. கை நடுங்குகிறது, வாந்தி வருகிறது, நடந்தால் தள்ளுகிறது என்று வந்திருந்தார். வந்த மாதமோ மே. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு நோட்டிலும் எழுதியவர்கள் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் செவிலியராகத்தான் இருக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம். டாக்டர் ஐந்து நிமிடம் பார்க்கிறார். நாம் எட்டு மணி நேரம் பார்க்கிறோம், ஊசி போடும்போது, படுக்கை மாற்றும்போது, இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கொடுக்கும்போது. சிஎம்சி மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஊர் இது. 1946இலேயே இங்கே செவிலியர் பட்டப்படிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இரண்டு நோட்டையும் சேர்த்துப் படிக்கும் பொறுப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. வார்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

ஏன் இரண்டும் சேர்ந்தே வருகின்றன

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். மனச்சோர்வு வந்தால் மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் தவறுகிறது, சுகர் ஏறுகிறது. ஏறிய சுகர் மனசை இன்னும் சோர வைக்கிறது. இன்னொரு பக்கம், மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பகுதி இதய நோய், சர்க்கரை, நுரையீரல் நோய் போன்றவற்றால். 'மனநோயாளி' என்று முத்திரை குத்தியபின் அவருடைய நெஞ்சுவலியை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அது ஒரு முக்கியக் காரணம்.

முதல் வேலை: பையை மொத்தமாகக் கொட்டச் சொல்லுங்கள்

'என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று கேட்டால் ஒரு பதில் வரும். பையைக் கொட்டச் சொன்னால் வேறு பதில் வரும். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, 'இது எதுக்கு, எப்போ, கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?' என்று கேளுங்கள். பாதி தீர்ந்த அட்டைகளை எண்ணிப் பாருங்கள். போன மாதம் வாங்கிய முப்பதில் இருபது மிச்சம் இருந்தால், அந்தக் கணக்கே ஒரு பரிசோதனை முடிவு.

மருந்துச் சீட்டில் இல்லாதவற்றைத் தனியாகக் கேளுங்கள். மெடிக்கலில் 'உடம்பு வலி' என்று சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென். தூக்கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை. நாட்டு மருந்துக் கடைச் சூரணம். பீடி, சாராயம், ஹான்ஸ். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் வளர்ந்தவர்கள், பிடிப்பதைப் பெரிய விஷயமாக நினைத்துச் சொல்லமாட்டார்கள். நீங்களேதான் கேட்க வேண்டும்.

கேட்கிற தொனி முக்கியம். 'ஏன் மாத்திரையை நிறுத்துனீங்க?' என்றால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுபோல் ஆகிவிடும். 'நிறைய பேருக்கு இவ்வளவு மாத்திரை சாப்பிட முடியறதில்ல. உங்களுக்கு எதை முழுங்கறது கஷ்டமா இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது: அவர்கள் பேச்சிலேயே கேளுங்கள்

நம் பக்கத்தில் யாரும் 'எனக்கு மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. 'ஒரு மாதிரியா கீது சிஸ்டர்', 'சோறு எறங்கல', 'நெஞ்சு அடைக்குது', 'நரம்பு தளர்ச்சி', 'உடம்பெல்லாம் அசதி' என்பார்கள். மனசின் வலியை உடம்பின் சொல்லில் சொல்வது நம் மொழியின் வழக்கம், அதை நடிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீண்டநாள் நோய் உள்ள எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் மனசு சோர்வாகவோ நம்பிக்கையில்லாமலோ இருந்ததா? வழக்கமாகப் பிடித்த வேலையில் ஆர்வம் இல்லாமல் போனதா? ஒன்றுக்காவது 'அடிக்கடி' என்று பதில் வந்தால் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்துக்கு (PHQ-9) போகலாம். மொத்தம் 27 மதிப்பெண், 10ஓ அதற்கு மேலோ வந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். ஒரு எச்சரிக்கை. தூக்கம், பசி, அசதி பற்றிய கேள்விகளுக்குச் சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்கள் நோயினாலேயே மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அவர்களிடம் ஆர்வம், குற்ற உணர்வு, நம்பிக்கையின்மை பற்றிய பதில்களை உன்னிப்பாகப் பாருங்கள். பேரன் வந்தாலும் முகம் மலரவில்லை என்றால் அது டயாலிசிஸ் அசதி மட்டும் இல்லை.

மூன்றாவது: முதலில் உடம்பு, அப்புறம்தான் மனசு

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில் இரவு டியூட்டி. ஐம்பது வயதுக்காரர், சுகர் உண்டு, பதற்ற நோய்க்கும் மருந்து சாப்பிடுகிறார். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, வேர்த்துக் கொட்டி, 'என்னவோ பண்ணுது, என்னவோ பண்ணுது' என்றார். கேஸ் ஷீட்டில் பதற்றம் என்று இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னேன். இருபது நிமிடம் கழித்து அவர் பேச்சு குழறியபோதுதான் விரலில் குத்திப் பார்த்தேன். சுகர் 48. அந்த எண்ணை நான் இன்னும் மறக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். அந்த இருபது நிமிடம் என் தவறு.

அதனால் என் விதி இது. வேர்வை, படபடப்பு, நடுக்கம், குழப்பம், திடீர்க் கோபம் எதுவாக இருந்தாலும் முதலில் சுகர், பிபி, நாடி, ஆக்ஸிஜன், காய்ச்சல் பாருங்கள். மொத்தமே மூன்று நிமிட வேலை. சுகர் 70க்குக் கீழே இருந்து அவர் விழிப்போடு இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வார்டில் என்றால் நரம்பு வழியாகக் குளுக்கோஸ், வீட்டில் என்றால் 108. படபடப்புக்கும் பிபிக்கும் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்குச் சுகர் இறங்கினாலும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகும். வேர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

நெஞ்சுவலிக்கும் இதே விதிதான். 'இவருக்கு எப்பவும் இப்படித்தான்' என்ற வாக்கியத்தை வார்டில் யார் சொன்னாலும் இசிஜி எடுத்துவிட்டுத்தான் அதை நம்ப வேண்டும்.

இன்னொன்று, வயதானவர் நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு இன்று சுவரில் பூச்சியைப் பிடிக்கிறார், பகலில் தூங்கி இரவில் எழுந்து ஓடுகிறார், மணிக்கு ஒரு மாதிரி இருக்கிறார் என்றால், 'பைத்தியம் திரும்பிடுச்சு' என்று வீட்டார் அழுவார்கள். திடீரென்று வந்து ஏறி இறங்கும் குழப்பம் பெரும்பாலும் உடம்பிலிருந்துதான் வருகிறது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, மலச்சிக்கல், குடியைத் திடீரென நிறுத்தியது, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். மாதக் கணக்கில் நீளும் சோர்வுக்குத் தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்கு பி12 குறையும். அதுவும் மனசையும் நரம்பையும் பாதிக்கும்.

நான்காவது: அளந்து எழுதி வையுங்கள்

ஓலன்சபின், க்ளோசபின், க்வெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனச்சிதைவு மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும், சிலருக்குச் சர்க்கரை நோயையே கொண்டுவரும். மருந்து தொடங்கும் நாளே எடை, இடுப்புச் சுற்றளவு, பிபி, வெறும்வயிற்றுச் சுகர், கொழுப்பு எல்லாம் பார்த்து எழுதுங்கள். முதல் மாதங்களில் எடையை அடிக்கடி, மற்றவற்றை மூன்றாவது மாதம், அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவையாவது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். ஒரு டெய்லர் டேப் போதும். எடை கூடுகிறது என்று நோயாளி சொல்லும்போது 'மாத்திரைன்னா அப்படித்தான்' என்று தள்ளிவிட்டால், அடுத்த மாதம் மாத்திரையை அவரே நிறுத்திவிடுவார்.

காலைப் பார்க்க மறக்காதீர்கள். சுகர் இருந்து, குரல்கள் கேட்டுக்கொண்டு தெருவில் செருப்பில்லாமல் நடப்பவர் 'கால்ல புண்' என்று தானாகச் சொல்லமாட்டார். உணர்ச்சி இல்லாத கால் எப்படிக் கெடும் என்பதைத் தொழுநோயாளிகளிடம் முதலில் படித்தது இந்த மண்தான். சதையை நோய் தின்பதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயம்தான் விரல்களைப் பறிக்கிறது என்று அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இங்கே இருந்தபோது எடுத்துக் காட்டினார். பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இன்றும் அந்த வேலை நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கு, குதிகால், செருப்பின் உள்பக்கம் எல்லாம் பாருங்கள்.

ஐந்தாவது: மோதும் மருந்துகள்

லித்தியத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர் வெயிலும் அதுவும் ஒத்துப்போகாது. ரத்தத்தில் அது இருக்க வேண்டிய அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல். 1.5ஐத் தாண்டினால் விஷம். இடைவெளி அவ்வளவுதான். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கத்திரி வெயிலில் வேர்த்தாலும், பேதியானாலும், நோன்பு இருந்தாலும், உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் அளவு ஏறும். தயசைடு வகை நீர் மாத்திரை, எனலாப்ரில் வகை பிபி மாத்திரை, டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் எல்லாம் ஏற்றும். மஞ்சப்பை அம்மாவுக்கு இதில் மூன்று ஒன்றாகச் சேர்ந்திருந்தன, வெயிலும் போதாதென்று.

கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மயக்கம் தெரிந்தால் அடுத்த வேளை லித்தியத்தை நிறுத்தி வைத்து உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அளவு பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. ஆனால் விஷ அறிகுறி இருந்தால் நேரம் பார்க்காமல் எடுத்து, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று சீட்டில் எழுதுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியது சுருக்கம்தான்: தண்ணீரைக் குறைக்க வேண்டாம். உப்பு எப்போதும்போல், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். வலி மாத்திரை கேட்காமல் வாங்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிறுநீரகம், தைராய்டு.

க்ளோசபின் சாப்பிடுபவருக்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளணு எண்ணிக்கை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. மலச்சிக்கலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த மருந்தில் அது குடலையே நிறுத்திவிடும். தினமும் 'வெளிக்குப் போனீங்களா?' என்று கேட்பது மானக்கேடு இல்லை, சிகிச்சை. பீடி பிடிப்பவர் வார்டில் சேர்ந்து பீடியை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் க்ளோசபினும் ஓலன்சபினும் ரத்தத்தில் ஏறும். நிறுத்தியது நல்லதுதான், ஆனால் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

டிபி மருந்தான ரிஃபாம்பிசின் நிறைய மனநல மருந்துகளைக் கரைத்துத் தள்ளிவிடும். 'டிபி மாத்திரை ஆரம்பிச்சதிலிருந்து மறுபடி குரல் கேக்குது' என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். ஃப்ளூவாக்ஸெட்டின் வகை மனச்சோர்வு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்தால் ரத்தம் கசியலாம், கறுப்பாக மலம் போகிறதா என்று கேளுங்கள். வயதானவருக்கு அதே மாத்திரையோடு நீர் மாத்திரையும் இருந்தால் சோடியம் இறங்கும்.

ஆறாவது: அன்றாடம்

மனச்சோர்வில் இருப்பவரிடம் 'தினமும் ஒரு மணி நேரம் நடங்க, எண்ணெய் குறைங்க, சர்க்கரை விடுங்க' என்று ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் நடக்காது. ஒன்றே ஒன்று கேளுங்கள். வாசல்வரை, பத்து நிமிடம். அது பழகியதும் அடுத்தது. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நாள் 'பிரயோஜனமில்ல' என்று நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாட்டில் நம் பக்கத்தில் ஒரு குழப்பம் உண்டு. கேழ்வரகு களி சுகருக்கு நல்லது என்று நம்பி இரண்டு பெரிய உருண்டை சாப்பிடுவார்கள். களியும் மாவுச்சத்துதான். ஒரு சின்ன உருண்டையும் நிறையக் கீரையும் என்றால் சரி. சாப்பிட மறுக்கிற நாளில் இன்சுலினை எப்படிப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு முன்பே எழுதி வையுங்கள். சோறு இறங்காத மனச்சோர்வும் வழக்கமான இன்சுலினும் சேர்ந்தால் அந்த நான்கு மணி வேர்வைதான்.

ஏழாவது: வீட்டார்

பாகாயத்தில் உள்ள மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுப்பது பல பத்தாண்டுப் பழக்கம். நம் குடும்ப அமைப்புக்கு அது பொருந்துகிறது. கூட இருப்பவரைச் சும்மா 'அட்டெண்டர்' என்று வைக்காமல் இன்சுலின் அளவு, தாழ்சுகர் அறிகுறி, காலைப் பார்ப்பது எல்லாம் செய்யவைத்துக் கற்றுக்கொடுங்கள். ஆனால் மனநோய் பற்றி யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதை நோயாளியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆன மகள் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கோரிக்கை.

மந்திரித்துக் கயிறு கட்டியிருந்தால் அறுக்காதீர்கள். தர்காவுக்கோ கோவிலுக்கோ போய்வந்தோம் என்றால் 'நல்லது, மாத்திரையும் விடாம சாப்பிடட்டும்' என்று சொல்லுங்கள். அடிப்பது, கட்டிப்போடுவது, பட்டினி போடுவது என்றால் மட்டும் உறுதியாக நில்லுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரையும் ஒரு தடவை கேளுங்கள், 'நீங்க தூங்குனீங்களா?' என்று. ஷூ கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து மாமியாருக்கு இன்சுலின் போடும் மருமகள், அந்தக் கேள்விக்கே அழுதிருக்கிறார்.

எட்டாவது: உயிரைப் பற்றிக் கேட்பது

கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் அப்படி ஆவதில்லை, பெரும்பாலும் பாரம் குறைகிறது. 'இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதா?' என்று தொடங்கி, 'உயிரை விட்டுடலாம்னு நினைச்சீங்களா?' என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பதும் தெரிய வேண்டும். திட்டம் இருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நீண்டநாள் நோயாளி வீட்டில் மருந்து நிறைய இருக்கும். இன்சுலினும் மாத்திரையும் வீட்டார் கையில் பூட்டில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். பூச்சிமருந்தை வீட்டைவிட்டே எடுத்துவிடச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. முயற்சி செய்து பிழைத்தவர் போலீஸ் கேஸுக்குப் பயந்து உண்மையை மறைப்பார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தண்டனை அல்ல, கவனிப்பைத்தான் கொடுக்கச் சொல்கிறது. இதை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக: ஒரு தாள்

டிஸ்சார்ஜ் அன்று இரண்டு நோட்டையும் விரித்து, ஒரே தாளில் தமிழில் எழுதுங்கள். எல்லா நோயும், எல்லா மாத்திரையும், எது எதோடு சேரக் கூடாது என்பதும், எந்த அறிகுறி வந்தால் அன்றே வரவேண்டும் என்பதும். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா படம் போட்டால் போதும். அந்தத் தாளை இரண்டு நகல் எடுத்து இரண்டு நோட்டிலும் ஒட்டுங்கள். மனநோயின் பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று அவர் கேட்டால் பெயரை விட்டுவிட்டு மருந்தை மட்டும் எழுதுங்கள். மருந்துதான் மோதுகிறது, பெயர் இல்லை.

அடுத்து, ஊரில் யார் தொடர்வார்கள் என்று பாருங்கள். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அந்தப் பெண் பணியாளரிடம் லித்தியம் எச்சரிக்கையைச் சொல்லிவைத்தால், ஒரு ஜோடிக் கண் கூடுதலாகக் கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடமும் பேசுங்கள்.

அப்புறம் தேதி. 'ஒரு வாரம் கழித்து வரவும்' என்று எழுதாதீர்கள். கிழமை, நேரம், எந்த அறை என்று எழுதுங்கள். குடியாத்தத்திலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு வருகிறவர் வேலூரில் இறங்கி பஸ் மாற வேண்டும், கூட வருகிறவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். சுகர் ஓபிக்கு ஒரு நாளும் மனநல ஓபிக்கு வேறு நாளும் என்றால் இரண்டில் ஒன்று நின்றுபோகும், நிற்பது எது என்று உங்களுக்கே தெரியும். மஞ்சப்பை அம்மாவுக்கு இரண்டு ஓபியையும் ஒரே செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற நான் நான்கு பேரிடம் பேச வேண்டியிருந்தது. மாற்றிக் கொடுத்தார்கள்.